தீயவனின் சத்தியம்



அறம் பற்றி ஆண்டுதோறும் பேசப்படும் மேடையில் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்ததும் முன்வரிசையில் சிலர் புருவம் உயர்த்தியதைக் கவனித்தேன். உயர்த்த வேண்டிய புருவம்தான். ஆனால் தீயவர்கள் எந்த விதிக்குக் கட்டுப்படுகிறார்கள் என்ற கேள்வியை ஐம்பது ஆண்டுகளாக விடாமல் எழுதி, அடித்து, திருத்தி, மறுபதிப்பு போட்டுப் பார்த்தவர்கள் தத்துவப் பேராசிரியர்கள் அல்லர், விளையாட்டு எழுதியவர்கள்தான். அவர்கள் எழுதிய விதிப்புத்தகங்களை நான் இலக்கியம் படிப்பதுபோலவே படித்து வருகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர்: உலகத்தை விவரிப்பவர், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். மந்திரவாதி, திருடன், வீரன், பூசாரி. என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொருவர் கையிலும் பாத்திரத்தின் விவரத்தாள் ஒன்று இருக்கும். அதில் வலிமை எவ்வளவு, அறிவு எவ்வளவு என்ற எண்களோடு அலைன்மென்ட் என்று ஒரு கட்டம். பாத்திரத்தின் அறநிலை என்ன என்பதை அதில் எழுத வேண்டும். சிலர் அந்தக் கட்டத்தில் ‘தீயவன்’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதியவர் மேஜையில் உள்ள மற்றவர்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்? இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அந்தக் கட்டம் தொடக்கத்தில் நன்மை தீமையைப் பற்றியதாகவே இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் ஆட்டத்தை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டார்கள். வெளியிட்டது விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம். அதில் மூன்றே நிலைகள்: ஒழுங்கு, நடுநிலை, குலைவு. போல் ஆண்டர்சனின் நாவலிலிருந்தும் மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலிருந்தும் வந்த சரக்கு அது. ஒழுங்கு என்றால் நம் அணி, குலைவு என்றால் எதிரணி. கட்சிக் கொடி போல. 1976இல் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி இதை உடைத்தார். ஒழுங்கும் குலைவும் ஒரு கோடு, நன்மையும் தீமையும் அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோடு என்றார். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அது ஒன்பது கட்டங்களாக விரிந்தது.

வரைபடம் போட்ட கணத்தில் அதுவரை காலியாக இருந்த ஒரு மூலையில் ஆள் குடிவந்துவிட்டான். ஒழுங்குள்ள தீயவன். ஆட்டக்காரர்கள் லாஃபுல் ஈவில் என்பார்கள்.  நரகத்துச் சாத்தான்கள் அங்கே போனார்கள்: ஒன்பது அடுக்கு நரகம், அடுக்குக்கு ஒரு பிரபு, எல்லோர் மேலும் அஸ்மோடியஸ், கீழிருந்து மேல்வரை பதவி உயர்வுக்கு வரிசை, ஆன்மாவுக்கு ஒப்பந்தப் பத்திரம். அதே தீமையின் குலைந்த மூலையில் வேறொரு கூட்டம், கட்டுக்கடங்காத பேய்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் முடிவில்லாத போர் ஒன்றும் பின்னால் வந்த நூல்களில் சேர்ந்தது. கைகாக்ஸ் இந்த ஆட்டத்துக்கு முன்னால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் கட்டிய நரகத்தில் சிறிய எழுத்து நிபந்தனைகளுக்கு இவ்வளவு மரியாதை இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. ஒன்பது கட்டங்களும் பெயர்ச்சீட்டுகள். ‘ஒழுங்குள்ள தீயவன்’ என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தவன், கைதியாகப் பிடித்த சிறுவனை என்ன செய்வான்? நூல் சில பத்திகளில் மனப்பான்மையை விளக்கும், அவ்வளவுதான். மேஜையில் நடந்தது முடிவில்லாத வாக்குவாதம்.

அந்த வாக்குவாதத்துக்கு ஒரு முடிவு கட்ட முயன்றவராக நான் மதிப்பது மிச்சிகனைச் சேர்ந்த கெவின் சியம்பியெடாவை. அவர் 1983இல் வெளியிட்ட பல்லேடியம் ஃபேன்டசியில் நடுநிலை என்ற கட்டமே கிடையாது. எதிலும் பட்டுக்கொள்ளாதவன் எதற்காக ஊரைவிட்டுச் சாகசத்துக்குக் கிளம்பப் போகிறான் என்பது அவர் கேள்வி. தீயவர்களை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். ஒவ்வொரு வகைக்கும் குணச்சித்திரத்தோடு நிற்காமல் செய்வான், செய்யமாட்டான் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டார். அந்த மூவரில் அபெரன்ட் என்பவனின் பட்டியலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவான். ஆனால் வாக்குப் பெறத் தகுதியுள்ளவர் என்று அவன் கருதுபவர்களுக்கு மட்டும். தகுதியில்லாதவர்களிடம் பொய் சொல்வான், ஏமாற்றுவான். அப்பாவியைக் கொல்லமாட்டான், குழந்தையை நிச்சயமாகக் கொல்லமாட்டான். கடத்திக்கொண்டு போவான், மிரட்டுவான், காயப்படுத்தவும் செய்வான். இன்பத்துக்காகச் சித்திரவதை செய்யமாட்டான். தகவல் வேண்டுமென்றால் செய்வான். நண்பனைக் காட்டிக்கொடுக்கவே மாட்டான்.

ஒவ்வொரு விதியும் அரைப்புள்ளி வரை ஒரு நல்ல மனிதனின் விதி. அரைப்புள்ளிக்குப் பிறகுதான் வாசல் திறக்கிறது. வாக்கு உண்டு, ‘தகுதியுள்ளவருக்கு’ என்ற நிபந்தனையோடு. அந்தத் தகுதியை நிர்ணயிப்பது யார்? வாக்குக் கொடுத்தவனே. நேற்றுத் தகுதியுள்ளவராக இருந்தவர் இன்று காலை தகுதியிழந்துவிட்டால் அவர் போய் முறையிட ஒரு இடமில்லை.

தீயவனின் அறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘அவனுக்கும் ஒரு கொள்கை இருக்கிறது’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கொள்கை இருப்பது பெரிய விஷயமில்லை. வழிப்பறிக் கூட்டத்திலும் பங்கு பிரிப்பதற்கு ஒரு நியாயம் இருந்தே தீரும். நான் கேட்பது வேறு. அந்த விதியால் பாதிக்கப்படும் வெளியாள் ஒருவர், அதே விதியைச் சுட்டிக்காட்டி அவனைக் கேள்வி கேட்க முடியுமா? ‘நீ சொன்ன சொல் இதுதானே, இப்போது ஏன் மீறுகிறாய்?’ என்று கேட்டால் அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவனா? விதிப்புத்தகங்களில் வரும் தீயவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்க ஒன்பது கட்டத்தைவிட இது எனக்கு உதவுகிறது.

மென்சோபெரன்சான் என்ற நகரத்தை எடுத்துக்கொள்வோம். ட்ரோ என்னும் கருநிற எல்ஃப்கள் பூமிக்கடியில் கட்டிய நகரம் அது. லால்த் என்ற சிலந்தி தேவதையின் பூசாரிணிகள் ஆள்கிறார்கள். டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் உலகத்தில் நடக்கும் ஆர். ஏ. சால்வடோரின் ஹோம்லேண்ட் நாவல், 1990இல் வந்தது, அந்த நகரத்தில் ஓர் இரவில் தொடங்குகிறது. வரிசையில் பத்தாவது இடத்திலிருக்கும் டூர்டன் குடும்பம் நாலாவது இடத்திலிருக்கும் டெவிர் குடும்பத்தின் மேல் பாய்கிறது. இந்த ஊரில் ஒரு குடும்பம் இன்னொன்றை அழிப்பது குற்றமாகக் கருதப்படுவதில்லை. அழிக்கப்பட்ட குடும்பத்தின் பிரபு வம்சத்தில் ஒருவராவது உயிர்தப்பிக் குற்றம் சாட்டினால்தான் அது குற்றம். அப்போது ஆளும் குடும்பங்கள் சேர்ந்து வந்து தாக்கியவர்களைத் துடைத்தெறியும். ஒருவரும் மிஞ்சவில்லையென்றால் டெவிர் என்று ஒரு குடும்பம் இருந்ததாகவே யாரும் பேசமாட்டார்கள். வரிசையில் அதற்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஓர் இடம் முன்னேற்றம்.

இங்கே முறையிட வழி இருக்கிறது. சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, தண்டனையும் உறுதி. நிபந்தனை ஒன்றுதான்: முறையிடுபவர் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே சட்டத்தை மதிக்கும் குடும்பம் எது என்று கேட்டால், தொட்டிலில் இருக்கும் குழந்தையையும் விட்டுவைக்காத குடும்பம். சட்டமே கொலையை முழுமையாக்கச் சொல்லித் தூண்டுகிறது. இவ்வளவு கச்சிதமான சட்டத்தைச் சொன்ன அரசியல் நாவல்கள் குறைவு என்று நினைக்கிறேன். அந்த இரவில் டூர்டன் குடும்பத்தில் பிறக்கிறது ஒரு ஆண் குழந்தை. மூன்றாவது ஆண் பிள்ளையைச் சிலந்தி தேவதைக்குப் பலியிட வேண்டும் என்பது முறை. தாக்குதலின் குழப்பத்தைப் பயன்படுத்தி அண்ணன்களில் இளையவன் மூத்தவனைக் கொன்றுவிடுகிறான். மூன்றாமவன் இரண்டாமவனாகிப் பிழைத்துக்கொள்கிறான். பின்னாளில் அந்த நகரத்தை உதறிவிட்டுப் போகும் டிரிஸ்ட் அவன்தான். ஒரு கொலை இன்னொரு பலியை ரத்து செய்கிறது, விதிமுறை ஓரிடத்திலும் மீறப்படவில்லை.

சாத்தானின் கதை இதற்கு நேர்மாறு. அவனிடம் வெளியாள் தாராளமாக முறையிடலாம். எழுத்தில் உள்ளதை அவன் மீறவே முடியாது; ஒரு குடியானவன் பத்திரத்தின் ஏழாவது நிபந்தனையைக் காட்டினால் நரகத்துப் பிரபுவும் கட்டுப்பட வேண்டும். பல்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டத்தில், 2023இல் லேரியன் நிறுவனம் வெளியிட்டது, ராஃபேல் என்று ஒரு சாத்தான் வருகிறான். விருந்து வைப்பான், மரியாதையாகப் பேசுவான், ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையிருக்காது. மூளைக்குள் ஒட்டுண்ணிப் புழு குடியிருக்கும் ஆட்களிடம் போய், குணப்படுத்துகிறேன், கையெழுத்துப் போடு என்பான். அவனுடைய தீமை பத்திரத்துக்குள் இல்லை. பத்திரத்தை எப்போது, யாரிடம் நீட்டுவது என்ற தேர்வில் இருக்கிறது. கந்துவட்டிக்காரர் புரோநோட்டில் எழுதாத ஒரு பைசாவும் கேட்பதில்லை என்று பெருமைப்படுவதைப் போன்றது இது.

இவர்களில் என்னைச் சங்கடப்படுத்துபவர்கள் டிராகன்லான்ஸ் என்ற கதையுலகத்தின் கரும்படை வீரர்கள், டக்கீசிஸ் என்ற இருள் தேவதையின் நைட்டுகள். மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் 1995இல் எழுதிய டிராகன்ஸ் ஆஃப் சம்மர் ஃபிளேம் நாவலில் இவர்கள் முழு உருவில் வருகிறார்கள். படையை நிறுவிய ஆரியகன் ஒரு கொடுங்கோல் தளபதியின் மகன். முந்தைய போரில் சொலாம்னிய நைட்டுகளிடம், அதாவது நல்லவர்களிடம், கைதியாக இருந்தவன். அங்கே சிறையிலிருந்து அவன் கற்றுக்கொண்டது என்னவென்றால், தன் அப்பா தோற்றதற்குக் காரணம் அவர் ஆட்கள் ஒருவரையொருவர் நம்பாததுதான் என்பது. திரும்பிப் போய் எதிரியின் ஒழுக்கத்தை அப்படியே இருட்டுக்கு நகலெடுத்தான். சத்தியப் பிரமாணம், சட்டத்தொகுப்பு, ஒவ்வொரு வீரனுக்கும் தேவதை தரும் தரிசனம்.

அந்தப் படையில் ஸ்டீல் பிரைட்பிளேடு என்று ஒரு இளைஞன். கைதியாக வந்த இளம் மந்திரவாதி தப்பினால் தன் தலையைத் தருவதாக அவன் பொறுப்பேற்கிறான். கைதி திரும்பவில்லை. ஸ்டீல் ஓடவில்லை, காரணம் சொல்லவில்லை. மரண தண்டனைக்குத் தலையைக் கொடுக்க வந்து நிற்கிறான். செஞ்சோற்றுக் கடன் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஆளைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்காது. கும்பகர்ணன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவோம். அங்கேதான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கும்பகர்ணன் அண்ணனிடம் தவறு என்று சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போகிறான். ஸ்டீலின் சட்டத்தொகுப்பில் அப்படிச் சொல்வதற்கே இடமில்லை. தேவதையின் நோக்கம் கேள்விக்கு அப்பாற்பட்டது. கைதி முறையிடலாம், சக வீரன் முறையிடலாம், இந்தப் படை எரித்துவிட்டுப் போன ஊர்க்காரன் யாரிடம் முறையிடுவான்? வீரனின் தனிப்பட்ட நேர்மை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு திறமையாக ஊர் எரிகிறது. நாவலாசிரியர்கள் ஸ்டீல்மீது கொண்ட பாசத்தில் அந்த ஊர்களைக் கொஞ்சம் மறந்துவிட்டார்கள் என்பது என் மனத்தாங்கல்.

வேறொரு திசையில் போனவர்கள் வொய்ட் வுல்ஃப் நிறுவனத்தார். 1991இல் வந்த வாம்பயர்: தி மாஸ்கரேட் ஆட்டத்தில் எல்லோரும் ரத்தம் குடிப்பவர்கள்தான், நல்லவன் கட்சியே கிடையாது. ஒவ்வொருவரிடமும் மனிதத்தன்மை என்று பத்து வரையிலான ஓர் எண் இருக்கும். எண் உயரத்தில் இருந்தால் சுயநலமான எண்ணம்கூட மனதை உறுத்தும். ஏழில் திருட்டு உறுத்தும். மூன்றுக்கு இறங்கியவனுக்குத் திட்டமிட்ட கொலை அளவுக்குப் போனால்தான் கொஞ்சம் கசக்கும். பூஜ்யத்துக்குப் போனால் உள்ளே இருக்கும் மிருகம் விழித்துக்கொள்ளும். விவரத்தாளை மடித்துக் கதைசொல்லியிடம், அதாவது இந்த ஆட்டத்தின் கேம் மாஸ்டரிடம், கொடுத்துவிட வேண்டியதுதான். மனிதத்தன்மையை வைத்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கு மாற்றுப் பாதைகளும் உண்டு. அதில் ஒன்று அதிகாரத்தின் பாதை. அதன் பாவப்பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும்: தன் செயலுக்குப் பொறுப்பேற்க மறுப்பது பாவம், வெற்றியோடு வந்த கீழாளை மோசமாக நடத்துவது பாவம், தனக்கு ஆதாயமில்லாத இடத்தில் உதவுவது பாவம். மூன்றாவதை அடித்துவிட்டு முதல் இரண்டை மட்டும் பல அலுவலகங்களில் சட்டம் போட்டு மாட்டலாம். இந்த ஆட்டத்தில் யாரும் யாரிடமும் முறையிடுவதில்லை. விதி, தனக்கும் தன் மிருகத்துக்கும் நடுவில் போட்ட சங்கிலி. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதில் கையெழுத்து இல்லை. ஆனாலும் பாசாங்கு குறைவு என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு மரியாதை உண்டு.

இத்தனை விதிகளை ஏன் எழுதினார்கள்? தீமையை ஆராயும் ஆர்வம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மேஜைக்கு வருவோம். நாலு பேர் கொண்ட குழு பாழடைந்த கோட்டையிலிருந்து புதையலோடு திரும்பி, காட்டில் கூடாரம் போட்டிருக்கிறது. திருடனாக ஆடுபவர் கேம் மாஸ்டருக்கு மட்டும் தெரியும்படி ஒரு துண்டுச்சீட்டு நீட்டுகிறார்: ராத்திரி காவல் என் முறை, பூசாரியின் பையிலிருந்து தங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். பகடை உருள்கிறது, பலித்துவிடுகிறது. மறுநாள் விஷயம் தெரிந்து பூசாரியாக ஆடுபவரின் முகம் மாறுகிறது. திருடர் தோளைக் குலுக்கிவிட்டு, ‘நான் என்ன பண்றது, என் கேரக்டர் அப்படித்தான்’ என்கிறார். இந்த ஆட்டம் ஆடியவர் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். போனது கற்பனைத் தங்கம். வந்த கோபம் நிஜக் கோபம். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் செலவழித்துச் சேர்த்தது அது.

சியம்பியெடாவின் ‘நண்பனைக் காட்டிக்கொடுக்கவே மாட்டான்’ இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. அபெரன்டின் நண்பர்கள் யார்? பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்கள். மேஜையில் உள்ள நாலு பேர் மட்டும் எப்போது வேண்டுமானாலும் அவனிடம் முறையிடலாம், அவன் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டம் நடந்தேற வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த விதி, பாத்திரத்தின் ஆன்மாவாக வேடம் போட்டு வருகிறது. 2014இல் தொடங்கிய அட்வென்ச்சரர்ஸ் லீக், முன்பின் தெரியாதவர்கள் கடைகளில் கூடி ஆடும் அமைப்பு, இதை ஒளிவுமறைவில்லாமல் சட்டமாக்கியது. குலைந்த தீயவனுக்கும் நடுநிலைத் தீயவனுக்கும் அன்று அனுமதி இல்லை. ஒழுங்குள்ள தீயவனாகலாம், ஆனால் ஜென்டாரிம் அல்லது லார்ட்ஸ் அலயன்ஸ் என்ற இரண்டு அமைப்புகளில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டியிருந்தது. தீயவனாக இருக்கலாம், உறுப்பினர் அட்டையோடு வா என்பதுதான் இதன் பொருள். கணினி ஆட்டம் எழுதுகிறவர்களுக்கு எதிரே மனிதர்கள் இல்லாததால் இந்தக் கவலை இல்லை. 1998இல் வந்த முதல் பல்டர்ஸ் கேட்டில், கதாநாயகனின் நற்பெயர் அளவுக்கு மீறி உயர்ந்தால் கூட வரும் தீயவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு ஒருநாள் கோபித்துக்கொண்டு போயே போய்விடுவார்கள்.

வெளியிலிருந்து வந்த நெருக்கடியையும் சொல்லிவிட வேண்டும். 1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெரும் பீதி கிளம்பியது. மகனைப் பறிகொடுத்த பாட்ரிசியா புல்லிங் என்ற தாய் 1983இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1989இன் இரண்டாம் பதிப்பில் கொலையாளி என்ற தொழில்வகை காணாமல் போனது. சாத்தான்களும் பேய்களும் பின்னர் பாட்டெசு, டனாரி என்ற புனைபெயர்களில் திரும்பி வந்தார்கள். பெயரை மாற்றினார்களே தவிர ஒப்பந்தப் பத்திரங்களில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

அண்மையில் நடந்திருப்பது இதற்கு மறுபக்கம். டன்ஜன்ஸ் & டிராகன்ஸிலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர் ஆட்டம் 2023இல் தன் விதிகளைத் திருத்தியபோது ஒன்பது கட்டங்களையும் தூக்கிப் போட்டுவிட்டது. விவரத்தாளில் ‘தீயவன்’ என்று எழுத இனி இடமில்லை. அவை போன இடத்தில், ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஏற்கெனவே இருந்த இரண்டு பட்டியல்கள் மிச்சம் நின்றன: அடியார் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை. சீட்டைக் கிழித்துவிட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டார்கள். சியம்பியெடா நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போய் நின்றவர். அவர் பெயரை இந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை.

பாத்ஃபைண்டரின் 2019 பதிப்பில் அஸ்மோடியஸின் பூசாரிக்கு விதிக்கப்பட்டவற்றில், மேலோருக்குப் பணிவதும் பேரத்தில் அதிக லாபம் பார்ப்பதும் கடமைகள். ஒப்பந்தத்தை மீறுவது விலக்கப்பட்டது. எதிரிக்குக் கருணை காட்டி இறைவனை அவமதிப்பதும் விலக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் மீறினால் மந்திரங்கள் பலிக்காது. ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆயுதத்தைக் கீழே போட்டு மண்டியிட்டுவிட்ட எதிரியைக் கொல்ல மேஜையில் யாருக்கும் மனம் வரவில்லை. பூசாரி ஒரு காகிதத்தை எடுக்கிறார். உன் உயிருக்கு ஈடாக ஏழாண்டு எனக்கு ஊழியம், சோறும் துணியும் என் பொறுப்பு, கையெழுத்துப் போடு. விதி இரண்டும் காப்பாற்றப்பட்டன, ஆளும் பிழைத்தான். இது கருணையா, லாபகரமான பேரமா, அஸ்மோடியஸ் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதைக் கேம் மாஸ்டர் தீர்மானிக்க வேண்டும். அந்த விசாரணை, முன்னால் நடந்த சண்டையைவிடக் கூடுதல் நேரம் போகும். மண்டியிட்ட எதிரியின் சார்பில் வாதாடவும் மேஜையில் யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார்.